"யாரும் எங்களைக் கூப்பிடல": பாலக்கோட்டுப் பக்கம் ஒரு தனிநபர் சுவிசேஷ நிகழ்வு ஆய்வு

பாலக்கோட்டில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். எங்கள் சபையில் ஞாயிற்றுக்கிழமை மதியம் நடக்கும் தனிநபர் சுவிசேஷ வகுப்பை, அதாவது இயேசுவைப் பற்றி ஒருவரோடு நேராகப் பேசப் பழகும் வகுப்பை, நானும் இன்னொரு சகோதரரும் நடத்துகிறோம். வகுப்புக்கு வரும் இளைஞர்கள் பெரும்பாலும் கேட்பது ஒன்றுதான்: "அண்ணா, எப்படி ஆரம்பிக்கிறது?" அதற்குப் பதிலாக, ஒரே ஒரு மனிதரோடு எனக்கு உண்டான இரண்டரை வருடப் பழக்கத்தை, நான் செய்த தவறையும் சேர்த்து, இங்கே எழுதி வைக்கிறேன். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பேரும் ஊரும் வேண்டாம் என்றார். அதனால் இங்கே அவர் அண்ணன், அவருடைய மனைவி அக்கா, அவ்வளவுதான்.

ஆள் யார், ஊர் எப்படி

அண்ணனுக்கு 55 வயதைத் தாண்டியிருக்கும். ஆதிதிராவிடர் தெருவில் வீடு. மாரண்டஹள்ளி போகிற வழியில் 2 ஏக்கர் நிலம். வீட்டுக்குக் கேழ்வரகு, சந்தைக்குத் தக்காளி. எங்கள் பக்கத்தில் தக்காளி போடுகிறவர்களுக்கு வருடம் முழுக்க ஒரே படபடப்பு. 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டி விற்றது. அந்த நேரம் அண்ணன் தோட்டத்தில் செடி அப்போதுதான் பூ விட்டுக்கொண்டிருந்தது. அவருக்குக் காய் வந்தபோது விலை படுத்துவிட்டது. மண்டியில் முன்பணம் வாங்கியிருந்தார். அந்தக் கடன் அப்படியே நின்றது.

அவருடைய பற்களில் பழுப்புக் கறை உண்டு. தர்மபுரி மாவட்டத்தில் அந்த வயதுக்காரர்கள் பலருக்கும் அது இருக்கிறது. பாறைக்குள் இருந்து ஃப்ளூரைடு கரைந்து வரும் கிணற்றுத் தண்ணீரையும் போர்த் தண்ணீரையும் சிறுவயதிலிருந்து குடித்ததன் அடையாளம் அது. ஒரு லிட்டர் தண்ணீரில் ஃப்ளூரைடு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது கணக்கு. எங்கள் ஊர்களில் பல இடங்களில் அது மீறியே இருந்தது. பல்லோடு நிற்காமல் வருடக்கணக்கில் எலும்புக்குள்ளும் இறங்கி மூட்டை இறுக்கிவிடும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் வந்தது. அது அவருக்குப் பின்னால் பிறந்தவர்களைக் காப்பாற்றும். அவருடைய முழங்கால் ஏற்கெனவே மடங்காமல் போயிருந்தது.

இந்தத் தண்ணீர்க் கதையை இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான் தவறியது இங்கேதான்.

முதல் தவறு

2023 பிப்ரவரியில் எரிந்துபோன மோட்டாரைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். பழைய காயிலை வெட்டி எடுத்துப் புதுக் கம்பி சுற்ற ஒரு நாள் ஆகும். அவர் வெளியே பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். நான் ஒரு கைப்பிரதி, அதாவது சுவிசேஷத் துண்டுத்தாள், கொடுத்தேன். அட்டையில் எல்லா வியாதிக்கும் விடுதலை என்று பெரிய எழுத்தில் இருந்தது. அவருக்குச் சரியாகப் படிக்க வராது என்பதை நான் கவனிக்கவில்லை. நானே படித்துக் காட்டினேன். அப்புறம் முழங்காலில் கை வைத்து ஜெபித்தேன். ஜெபித்ததில் தவறில்லை. எழுந்து நின்று, "மூணு வாரத்துல நடப்பீங்க அண்ணா, நம்புங்க" என்றேன். அதுதான் தவறு.

மூன்று வாரமும் அக்கா நாள் எண்ணியிருக்கிறார். மாத்திரையைக்கூட நிறுத்திவிட்டார்கள். கால் இன்னும் வீங்கியது. அதன்பின் அண்ணன் என் கடைப் பக்கமே வரவில்லை. அடுத்த முறை மோட்டார் பழுதானபோது வேறு ஊருக்குக் கொண்டுபோனார் என்று கேள்விப்பட்டேன்.

கர்த்தர் சுகம் கொடுக்கிறவர் என்று நான் முழுமனதாக நம்புகிறேன். ஆனால் அவர் சொல்லாத தேதியை அவர் பேரில் சொல்ல எனக்கு யார் அதிகாரம் கொடுத்தது? அண்ணனுக்கு நான் கொடுத்தது நற்செய்தி இல்லை, தவணைச் சீட்டு. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அன்று முழுக்க நான் அவரிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கால் எத்தனை நாளாக இப்படி, டாக்டர் என்ன சொன்னார், வீட்டில் யார் யார், எதுவும் கேட்கவில்லை. அவரைப் பார்த்ததும் கொடுக்க வேண்டியவனாக என்னை நினைத்துக்கொண்டேன், வாங்க வேண்டியவராக அவரை.

ஒரு சொம்பு தண்ணீர்

அந்த வருடம் செப்டம்பரில் அவரே போன் செய்தார். மோட்டார் போருக்குள் மாட்டிக்கொண்டது, கூப்பிட்ட ஆள் வரவில்லை, செடி காய்கிறது என்றார். மோட்டார் தூக்கும் ஆட்களோடு நானும் போனேன். 800 அடி பைப்பை ஒவ்வொன்றாகக் கழற்றி மேலே எடுக்க மதியம் ஆகிவிட்டது. நல்ல வெயில். எனக்கு நாக்கு ஒட்டியது.

"அண்ணா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி கொடுங்க" என்றேன்.

அவர் உடனே எழவில்லை. ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். அப்புறம் கொட்டகைக்குள் போய் எவர்சில்வர் சொம்பில் கொண்டுவந்தார். "ஒகேனக்கல் தண்ணிதான் தம்பி. போர்த் தண்ணி இல்ல. பயப்படாமக் குடிங்க." நான் சொம்பில் வாய் வைத்துக் குடித்தேன். அவர் பார்வை என் வாயிலேயே இருந்ததை உணர்ந்தேன். எங்கள் ஊர்ப் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அவருடைய கொட்டகையில் தண்ணீர் கேட்கிறவர்களே குறைவு. கேட்டாலும் அண்ணாந்து ஊற்றிக்கொள்வார்கள். சொம்பில் வாய் படுவதே இல்லை.

யோவான் சுவிசேஷத்தின் 4-ஆம் அதிகாரத்தை நான் சபையில் எத்தனையோ முறை பிரசங்கமாகக் கேட்டிருக்கிறேன். சீகார் ஊர்க் கிணற்றில் உச்சி வெயிலில் களைத்து உட்கார்ந்த இயேசு, சமாரியப் பெண்ணிடம் முதலில் சொன்னது பாவத்தைப் பற்றியும் இல்லை, பரலோகத்தைப் பற்றியும் இல்லை. தாகத்துக்குத் தண்ணீர் கேட்டார். யூதன் சமாரியரிடம் கை நீட்ட மாட்டான் என்பதால்தான் அவள் அதிர்ந்துபோய், நீ எப்படி என்னிடம் கேட்கலாம் என்று எதிர்க்கேள்வி கேட்டாள். பேச்சு அங்கிருந்துதான் தொடங்கியது. இதை நான் தெரிந்து செய்யவில்லை, எனக்கு உண்மையிலேயே தாகம். ஆனால் அந்தச் சொம்பைத் திருப்பிக் கொடுத்தபோதுதான் அந்த அதிகாரம் எனக்குப் புரிந்தது.

அங்கேயே மன்னிப்புக் கேட்டேன். "அன்னைக்கு மூணு வாரம்னு சொன்னது தப்புண்ணா. அப்படிச் சொல்ல எனக்கு உரிமை இல்ல. அக்காகிட்டயும் சொல்லணும்." அவர் பதில் பேசவில்லை. மோட்டாரை வண்டியில் ஏற்றிய பிறகு, கயிற்றைக் கட்டிக்கொண்டே கேட்டார்: "அப்போ உங்க சாமிக்கு முடியாதா, இல்ல மனசில்லையா?"

அவர் கேட்ட முதல் கேள்வி அது. பேதுருவின் முதல் நிருபம் 3-ஆம் அதிகாரத்தில், நம்பிக்கையைக் குறித்துக் கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடு பதில் சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்று இருக்கிறது. கேட்கிறவர்களுக்கு என்ற சொல்லை நாங்கள் வகுப்பில் தாண்டிப் போய்விடுவோம். அன்று அந்த இடத்தில் நின்றேன். "ரெண்டும் இல்லண்ணா. ஆனா ஏன்னு எனக்குத் தெரியாது. அவரும் வலியில கத்தியிருக்கார், அது தெரியும். அந்தக் கதையச் சொல்லட்டுமா?" என்றேன். "மோட்டார் மாட்ட வரும்போது சொல்லு" என்றார்.

கூத்துக் கேட்டு வளர்ந்த காது

எங்கள் வகுப்பில் சுவிசேஷத்தை நான்கு குறிப்பாகச் சொல்லிக்கொடுப்போம். தேவனின் அன்பு, மனிதனின் பாவம், சிலுவை, தீர்மானம். அண்ணனிடம் அது ஓடவே இல்லை. அவர் சிறுவயதிலிருந்து திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்தை விடிய விடியப் பார்த்தவர். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் கோடையில் எந்தப் பக்கம் போனாலும் துரியோதனன் படுகளம் ஒன்று நடந்துகொண்டிருக்கும். கர்ணனின் கவச குண்டலம் போகிற இடத்தை அவர் சொல்லிக் கேட்டால் நமக்கே தொண்டை அடைக்கும். இப்படிப்பட்டவருக்குக் குறிப்பு எதற்கு? கதைதான் வேண்டும்.

வார்த்தையும் ஒரு சிக்கல். சபையில் நாங்கள் இன்னும் படிப்பது 1871-ல் ஹென்றி பவர் தலைமையில் முடிந்த வேதாகம மொழிபெயர்ப்பின் வழி வந்தது. அந்தத் தமிழ் எனக்கு உயிர். அம்மா மடியில் கேட்டது. ஆனால் கிருபை, இரட்சிப்பு, நீதிமான் என்றால் அண்ணன் மரியாதைக்குத் தலையாட்டுவார், அவ்வளவுதான். பாவம் என்ற சொல் அதைவிடக் கஷ்டம். "நாம எல்லாரும் பாவிங்க" என்று ஒருமுறை சொன்னபோது அக்கா சட்டென்று நிமிர்ந்தார். எங்கள் ஊரில் பாவி என்பது சண்டையில் மண்ணை வாரித் தூற்றும்போது சொல்லும் சொல். பாவம் என்றால் ஐயோ பாவம் என்று இரங்குவது. நான் திட்டுகிறேன் என்றே அவர் நினைத்துவிட்டார். அதற்குப் பிறகு கடன் என்று சொன்னேன். 500 வெள்ளிக்காசு கடன் வாங்கியவன், 50 வெள்ளிக்காசு கடன் வாங்கியவன், இருவரிடமும் கொடுக்க ஒன்றும் இல்லை, இருவரையும் மன்னித்துவிட்டான். லூக்கா 7-ல் வருவது. மண்டிச் சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நடக்கிற மனிதருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. "500 காரன் அன்னைக்கு ராத்திரி தூங்கியிருப்பான்" என்றார்.

அவரை உலுக்கியது மத்தேயு 20-ஆம் அதிகாரத்தில் வரும் கூலிக்காரர் கதை. திராட்சைத் தோட்டத்துக்காரன் காலையில் நாள் ஒன்றுக்கு ஒரு பணம் பேசி ஆள் எடுக்கிறான். அப்புறம் 9 மணிக்கு, 12 மணிக்கு, 3 மணிக்கு, கடைசியாகப் பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கும்போதும் போய் ஆள் கூப்பிடுகிறான். சம்பளம் கொடுக்கும்போது எல்லாருக்கும் அதே ஒரு பணம்.

அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. "இது நியாயமே இல்ல தம்பி. காலைல இருந்து வெயில்ல குனிஞ்சவனும் சாயந்திரம் வந்தவனும் ஒண்ணா? நாளைக்கு என் தோட்டத்துல இப்படிக் கொடுத்தா ஒரு ஆள் காலைல வரமாட்டான்." நான் விளக்கம் சொல்ல வாயெடுத்தேன், எதுவும் சொல்லாமல் விட்டேன். இதைப் படிக்கும் இளைஞர்களுக்காக அடிக்கோடிடுகிறேன்: அவருடைய கோபம் கதை வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். அதை அணைத்திருந்தால் எல்லாம் போயிருக்கும்.

பதினைந்து நாள் கழித்து இருட்டும் நேரத்தில் கடைக்கு வந்தார். வேலை ஒன்றும் இல்லை. சும்மா உட்கார்ந்தார். பிறகு சொன்னார்: "அந்தக் கடைசி ஆளுங்க ஏன் நின்னாங்கன்னு அவன் கேட்டானே, என்ன சொன்னாங்க?"

"யாரும் எங்களைக் கூப்பிடலன்னு சொன்னாங்க."

"ஆமா." கொஞ்ச நேரம் பேசவில்லை. "நான் சின்னப் பையனா இருக்கும்போது கூத்துக்குப் போனா எங்க தெரு ஆளுங்க தள்ளிதான் உட்காரணும். கோயில்ல கூழ் ஊத்துனா கடைசியில கூப்பிடுவாங்க, இல்லன்னா கூப்பிட மாட்டாங்க. சோம்பேறியா இருந்து நிக்கல தம்பி. கூப்பிடல. அவ்வளவுதான்."

அதற்கு மேல் நான் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. என் கண்ணும் நனைந்திருந்தது. எங்கள் சபைகளிலும் யாரை முன்வரிசையில் உட்காரவைக்கிறோம், யார் வீட்டில் சம்பந்தம் பேசுகிறோம் என்பதில் அந்தக் கூத்துத் திடல் இன்னும் இருக்கிறது. அண்ணன் போன்றவர்களிடம் போகிற எவனும் அதை ஒத்துக்கொண்டுதான் போக வேண்டும்.

மாற்கு சுவிசேஷம், 16 இரவு

2024 கோடையில் வாரம் ஒரு இரவு அவர் வீட்டுத் திண்ணையில் மாற்கு சுவிசேஷத்தைச் சொன்னேன். 16 அதிகாரம், இரவுக்கு ஒன்று. படிக்கவில்லை, சொன்னேன். அடுத்த வாரம் போனதும் போன வாரத்துக் கதையை அவர் திருப்பிச் சொல்வார். சில இடத்தில் என்னைவிட நன்றாகச் சொன்னார்.

எல்லா இரவையும் எழுத வேண்டியதில்லை. கடைசி இரவை மட்டும் சொல்கிறேன். கல்லறை காலியாக இருந்த இடத்துக்கு வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். "கூத்துல கர்ணன் சாகிறான். நாமளும் அழறோம். காலைல பார்த்தா கர்ணன் கட்டுன ஆளு டீக்கடையில உட்கார்ந்திருப்பாரு. இது அந்த மாதிரியா, நெஜமா எழுந்தாரா?"

இதைவிடச் சரியான கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. "நெஜமா எழுந்தார்னு நம்புறேண்ணா. அது இல்லன்னா இத்தனை நாள் நான் சொன்னது எல்லாம் வீண். பவுலே அப்படித்தான் கொரிந்தியருக்கு எழுதியிருக்கார்" என்றேன். ஒரு காரணமும் சொன்னேன். முதலில் கல்லறைக்குப் போய்ப் பார்த்தவர்கள் பெண்கள். அந்தக் காலத்தில் பெண் சொல்லும் சாட்சிக்குப் பெரிய மதிப்பு கிடையாது. பொய்க்கதை கட்டுகிறவன் ஊர் நம்பாத சாட்சியைக் கொண்டுவந்து நிறுத்துவானா? உள்ளே அடுப்படியில் இருந்து அக்கா குரல் வந்தது: "பொம்பளைங்க சொன்னா எப்பவும் நம்பமாட்டாங்க." அத்தனை வாரமும் அவர் கதவுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டிருந்தது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அந்த ஆடி மாதம் ஊரில் கூழ் ஊற்றும் திருவிழா. வீட்டில் படையல் போட்டுக் கோழி அடித்திருந்தார்கள். நான் வேறு வேலையாகப் போய் மாட்டிக்கொண்டேன். சாப்பிடவா, மறுக்கவா என்று மனசுக்குள், படைத்த உணவைப் பற்றிப் பவுல் எழுதிய கொரிந்தியர் நிருபத்தைப் புரட்டிக்கொண்டிருந்தபோது அக்கா தட்டை வைத்தார். களி, கோழிக் குழம்பு. "இது படைச்சது இல்ல தம்பி. உங்களுக்குன்னு முன்னாடியே தனியா எடுத்து வச்சேன்." என் விசுவாசத்தை அவர் என்னைவிடக் கவனமாகப் பார்த்துக்கொண்டார். உட்கார்ந்து வயிறார சாப்பிட்டேன்.

ஞானஸ்நானப் பேச்சும் சான்றிதழும்

2025 தொடக்கத்தில் அண்ணன் சபைக்கு வர ஆரம்பித்தார். கடைசி வரிசை. சபையில் சிலருக்கு உடனே ஞானஸ்நானம் கொடுத்துவிட வேண்டும் என்று அவசரம். ஒருவர் சாட்சியை வீடியோ எடுக்க போனோடு வந்துவிட்டார். நான் தடுத்தேன். அவர் மனதில் நடப்பது யாருடைய கணக்குப் புத்தகத்திலும் ஏறும் எண்ணிக்கை இல்லை.

அதோடு சட்டத்தையும் அவரிடம் மறைக்கக் கூடாது என்று நினைத்தேன். அரசியலமைப்பின் 25-ஆவது பிரிவு மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது, பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டு. ஆனால் பரப்பும் உரிமை இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று 1977-ல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தமிழ்நாட்டில் 2002-ல் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் பிறகு திரும்பப் பெறப்பட்டது. இதெல்லாம் எனக்கான எச்சரிக்கை. அவருக்கானது வேறு. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தவருக்குத்தான் பட்டியல் சாதித் தகுதி. ஆதிதிராவிடர் கிறிஸ்தவராக மாறினால் தமிழ்நாட்டுப் பட்டியலில் பிற்படுத்தப்பட்டோர். ஞானஸ்நானம் பெற்றுச் சபைக்குப் போய்க்கொண்டே பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்ட புதுச்சேரிப் பெண்ணின் மனுவை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. அண்ணனின் மகள் கல்லூரியில் படிக்கிறாள்.

அவரையும் மகளையும் தர்மபுரியில் ஒரு வழக்கறிஞரிடம் கூட்டிப்போனேன். கேட்க வேண்டியதை அவர்களே கேட்டார்கள். சபையில் சிலர் என்மேல் வருத்தப்பட்டார்கள். "நீயே கல்லைப் போடுறியே" என்றார் ஒருவர். செலவைக் கணக்குப் பார்க்காமல் கோபுரம் கட்டத் தொடங்காதே என்று சொன்னவர் இயேசுதான். செலவை மறைத்து ஒருவரைக் கூட்டிவந்தால் முதல் நாள் நான் சொன்ன மூன்று வாரத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இன்னொரு வழியையும் சிலர் காதில் ஓதினார்கள்: ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டு காகிதத்தில் பழையபடி இருக்கட்டும் என்று. பொய்யில் ஆரம்பிக்கச் சொல்லி நான் யாருக்கும் ஆலோசனை சொல்ல மாட்டேன். ஆணை அநியாயமானது என்பது என் எண்ணம். மதம் மாறினால் ஊரில் சாதி மாறிவிடுவதில்லை. ஆனாலும் தீர்மானம் அவருடையது.

அண்ணன் இன்னும் ஞானஸ்நானம் எடுக்கவில்லை. மகள் படிப்பு முடியட்டும் என்கிறார். வீட்டில் ஜெபிக்கிறார், இயேசுவை ஆண்டவர் என்று சொல்கிறார். அக்கா சபைக்கு வருவதில்லை, கோயிலுக்குப் போகிறார். என்னைப் பார்த்தால் முதலில் தண்ணீர்தான் கொடுப்பார். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. டாக்டர் சொன்ன மாத்திரையைத் தவறாமல் போடுகிறார். ஒவ்வொரு முறை ஜெபிக்கும்போதும் அந்தக் காலுக்காக இன்றும் கேட்கிறேன், தேதி சொல்லாமல்.

போன மாதம் சாயந்திரம் மண்டிக்கு ஒரு மோட்டார் விஷயமாகப் போனேன். லாரி வரவில்லை. தக்காளிப் பெட்டி ஏற்றும் கூலி ஆட்கள் ஏழெட்டுப் பேர் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அண்ணன் காலை நீட்டிக்கொண்டு கூத்துக்காரர் மாதிரிக் கையை வீசிப் பேசிக்கொண்டிருந்தார். திராட்சைத் தோட்டம் தக்காளித் தோட்டமாகியிருந்தது. தோட்டக்காரன் டி.வி.எஸ். ஃபிஃப்டியில் வந்தான். நான் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

"பொழுது போயே போச்சு," என்றார் அண்ணன். "அப்பவும் வந்து, ஏம்பா இங்கயே நிக்கிறீங்கன்னு கேட்டான். அவங்க என்ன சொல்லியிருப்பாங்க, சொல்லு பார்ப்போம்?"

ஒரு பையன் தலையைத் தூக்கினான்.